பின்னணி

விண்ணப்பத்தின் நான்காம் கட்டம் கேட்கிறது:
ஆய்வுப் பின்னணியை ஐந்நூறு சொற்களுக்குள் தருக.

எங்கள் ஆய்வகத்தில் பின்னணி என்றால்
கழிக்க வேண்டிய எண்.
மாதிரி இல்லாமல் வெறும் தட்டை வைத்து
அறுநூறு நொடி எண்ணு.
மாதிரியை வைத்து
மறுபடி அறுநூறு.
இதில் அது போக நிற்பது விடை.
ஒன்றும் நிற்காவிட்டால்
அதையும் எழுதி வை, தேதி போட்டு.

சரி. எழுதுகிறேன்.
பயன்பாட்டு இயற்பியலில் முதுநிலை.
குறைந்த செலவில் காமாக் கதிர் அளவி,
வடிவமைப்பும் அளவுத்திருத்தமும்.
கொட்டைப்பாக்கு அளவில் ஓர் ஒளிர்படிகம்,
கதிர் பட்டால் அதற்குள் ஒரு சிமிட்டல்,
சிமிட்டலை எண்ண ஒரு சில்லு.
வெளிச்சம் புகாத பெட்டிக்கு
பதினெட்டாயிரம் கேட்டார்கள்.
எவர்சில்வர் டிபன் கேரியரின் அடித்தட்டு,
கறுப்பு டேப் நாலு சுற்று:
இருநூற்று அறுபது.
இதை 'மாற்று உறையமைப்பு' என்று எழுதியிருக்கிறேன்.

லீவுக்கு அதை ஊருக்குத் தூக்கி வந்தேன்.
கிருஷ்ணகிரி தாண்டி பர்கூர் பஸ்ஸில்
கண்டக்டர் என் மடியைப் பார்த்து,
"டேப் ஒட்டுற அளவுக்கு என்னம்மா குழம்பு?"
படிகம் என்றேன்.
மேலே கேட்காமல் ஜெகதேவிக்கு டிக்கெட் கிழித்தார்.

எங்கள் வீடு கப்பல் ஏறாத கல்லால் ஆனது.
ஓரத்தில் மயிரிழை விரிசல் என்று
வாங்க வந்தவர்கள் ஒதுக்கிய பலகைகள்.
தரை சாம்பல், சமையலறை கறுப்பு,
நடுச்சுவர் மட்டும் இளஞ்சிவப்பு.
பாதி அப்பா அறுத்தவை.

ஆய்வகத்தில் பின்னணி: 6,112.
நடுச்சுவர் அருகே: 10,240.
"நம்ம வீட்டுக்குத்தான் ஜாஸ்தியா?" என்றார் அப்பா,
அறுப்பு மில்லில் மிஞ்சிய காதை என் பக்கம் திருப்பி.
ஆமாம்பா. பயப்பட ஒண்ணுமில்ல, கல்லுன்னா அப்படித்தான்.
அவர் பயப்படவில்லை.
பக்கத்து வீட்டு முனிராஜிடம் சொல்லப் போய்விட்டார்,
ரேங்க் கார்டு வந்த நாள் மாதிரி.

திரையில் ஆயிரத்து நானூற்று அறுபதில் ஒரு மேடு.
பொட்டாசியம்.
கல்லில் இருப்பது, களியில் இருப்பது,
எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் சதையில் இருப்பது.
ஈயச் செங்கல் அடுக்கி ஊரை மறைக்கலாம்.
என்னை மறைக்க
என்னை எழுப்பி வெளியே அனுப்ப வேண்டும்.
அப்புறம் யார் குறித்துக்கொள்வது?

ராத்திரி பத்தே முக்காலுக்கு அம்மா வந்தாள்.
மாங்கூழ் ஆலையில் சீசன், ரெண்டு ஷிஃப்ட்.
விரலிடுக்கெல்லாம் மஞ்சள்,
மாம்பால் பட்டு வெந்த தோல்.
சுவருக்கும் டப்பாவுக்கும் நடுவில்தான்
சாய இடமிருந்தது, சாய்ந்தாள்.
எண்ணிக்கை: 10,118.

நூற்று இருபத்திரண்டு குறைவு.
சுவரிலிருந்து வந்த நூற்று இருபத்திரண்டை
அம்மா வாங்கிக்கொண்டாள் என்று எழுதலாம்.
எழுதக் கூடாது.
பிழை நூற்று நாற்பத்து மூன்று.
பிழைக்குள் அடங்குவது
நடந்ததாகக் கணக்கில்லை.
'குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை'
என்றுதான் நோட்டில் எழுதினேன், தேதி போட்டு.

நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால்
பத்து மடங்கு நேரம் எண்ண வேண்டும்.
ஆறாயிரம் நொடி.
ஒரு மணி நாற்பது நிமிடம்
அம்மா அசையாமல் ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.
அப்படி ஒரு அம்மாவை எனக்குத் தெரியாது.

"சாப்பிட்டியா?" என்று கேட்டவள்
நான் பதில் சொல்வதற்குள் தூங்கிப்போனாள்,
தலை இளஞ்சிவப்புக் கல்லில்,
ஆலை கொடுத்த வலைத்தொப்பியைக் கூடக் கழற்றாமல்.
எண்ணியைப் பூஜ்யத்துக்குத் திருப்பினேன்.

விண்ணப்பம் மூட நள்ளிரவுவரை நேரம்.
நான்காம் கட்டத்தில் நானூற்றுப் பதினோரு சொல் பாக்கி.
தட்டினால் சத்தம் கேட்கும் என்று
விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

நாலாயிரத்துச் சொச்சத்தில் கரண்ட் போனது.
ஃபேன் நின்றது.
லேப்டாப்பில் முப்பது சதம் இருந்தது.
அம்மா அசையவில்லை.